செருக்கும் வீழ்ச்சியும்: பண்டைக் கிரேக்கர் கதையிலும் கலையிலும் காட்டிய நெறி

கிரேக்க நாட்டின் நடுப்பகுதியில், பர்னாசஸ் மலைச்சரிவில், டெல்ஃபி என்னும் ஊர் அமைந்துள்ளது. பண்டைக் காலத்தில் அங்கிருந்த அப்போலோ கோயிலில் குறி கேட்பதற்காக அரசரும் வணிகரும் எளிய குடிமக்களும் பல நாடுகளிலிருந்து வந்தனர். போரில் வெல்வோமா, மகப்பேறு வாய்க்குமா, கடல் கடந்து குடியேறலாமா என்னும் வினாக்களைச் சுமந்து வந்தவர்கள், கோயிலின் முன்மண்டபத்தைக் கடக்கையில், அங்கே பொறிக்கப்பட்டிருந்த சிறு தொடர்கள் சிலவற்றைக் கண்டனர். தன்னைத் தான் அறிய வேண்டும் என்பது ஒன்றன் பொருள். எதிலும் அளவு கடத்தலாகாது என்பது மற்றொன்றன் பொருள்.

தன்னை அறிதல் என்பதற்கு இக்காலத்தார் உள்ளத்தை ஆராய்தல் என்று பொருள் கொள்வர். பழங்கிரேக்கர் கொண்ட பொருள் அதனினும் எளியது. நீ மனிதன்; இறப்புக்கு உட்பட்டவன்; உன் அளவு இவ்வளவே என்பதை மறவாதே என்பதே அவர்கள் கருதியது. வருங்காலத்தை அறிய வந்தவனுக்கு முதலில் உணர்த்தப்பட்டது அவனுடைய அளவே.

இவ்வறிவுரையைக் கிரேக்கர் கோயில் வாயிலோடு நிறுத்திவிடவில்லை. தாய்மார் சொல்லும் கதைகளிலும், மதுச்சாடிகளின் மேல் தீட்டிய ஓவியங்களிலும், கோயிற்சுவர்ச் சிற்பங்களிலும், பல்லாயிரவர் கூடும் நாடக அரங்கிலும் அதனை மீண்டும் மீண்டும் எடுத்துரைத்தனர். அவற்றுள் சிலவற்றை ஈண்டுக் காண்போம். பிறகு, இப்பாடத்தைப் பிறர்க்குக் கற்பித்தவர்கள் தாமே அதனைக் கற்றனரா என்பதையும் வரலாற்றின் துணைகொண்டு பார்ப்போம்.

ஒரு சொல்லின் பொருள்

செருக்கு, தருக்கு, இறுமாப்பு, அகந்தை, ஆணவம் எனத் தமிழில் பல சொற்கள் உண்டு. இவை யாவும் பெரும்பாலும் உள்ளத்தின் நிலையைக் குறிப்பன. கிரேக்கர் வழங்கிய ‘ஹூப்ரிஸ்’ என்னும் சொல்லோ உள்ளத்தில் தொடங்கிச் செயலில் முடிவது. தன்னை உயர்த்திக் கொள்வதற்காகப் பிறரை இழிவுபடுத்தும் செயலையே அச்சொல் முதன்மையாகச் சுட்டிற்று.

ஏதென்ஸ் நகரில் இது சட்டப்படி குற்றமாகவும் கருதப்பட்டது. ஒருவனை இழிவுபடுத்தியவன் மீது, பாதிக்கப்பட்டவன் மட்டுமன்றி வேறு எந்தக் குடிமகனும் வழக்குத் தொடுக்கலாம். அடிமைக்கு இழைக்கப்பட்ட இழிவுக்கும் அச்சட்டம் பொருந்தும் என்பதை நாவலர் டெமாஸ்தனிஸ் பெருமையோடு எடுத்துக் கூறுகிறார். அவரே விழாக்காலத்தில், நாடக அரங்கில், ஊரார் காண மெய்டியாஸ் என்னும் செல்வனால் அறையப்பட்டவர். அடியின் வலியைவிட, அடித்தவனின் பார்வையும் குரலுமே தாங்கொணாதவை என்று அவ்வழக்கிற்காக எழுதிய உரையில் அவர் விளக்குகிறார்.

அரிஸ்டாட்டில் தம் ‘சொற்கலை’ நூலில் இதற்கு வகுத்த இலக்கணம் கூர்மையானது. தனக்கு யாதொரு பயனும் இல்லாதபோதும், பழிவாங்கும் நோக்கமும் இல்லாதபோதும், பிறர் வெட்கித் தலைகுனியும்படி ஒன்றைச் செய்வதும் சொல்வதும், அதில் இன்பம் காண்பதுமே ஹூப்ரிஸ் என்கிறார் அவர். பிறரைத் தாழ்த்துவதால் தான் உயர்ந்துவிட்டதாக எண்ணுவதே அவ்வின்பத்தின் காரணம் என்றும் விளக்குகிறார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் நான். பணியில் சேர்ந்த தொடக்கக் காலத்தில் ஒரு நாள், ஒரு மாணவன் எழுதிய கட்டுரையின் பிழைகளை வகுப்பு முழுவதும் சிரிக்கும்படி உரக்கப் படித்துக் காட்டினேன். திருத்துவதாகவே அன்று எண்ணினேன். அவன் மறுநாள் கடைசி வரிசைக்குச் சென்று அமர்ந்தான். அவ்வாண்டு முடியும்வரை என்னிடம் ஓர் ஐயமும் கேட்கவில்லை. ஓய்வு பெற்றபின் அரிஸ்டாட்டிலின் இவ்விளக்கத்தைப் படித்தபோது என் முன் வந்து நின்றது அச்சிறுவனின் முகமே. செருக்கு என்பது முடிமன்னர்க்கு மட்டும் உரிய குற்றம் என்று எண்ணி இக்கதைகளைப் படிப்போர், அவற்றின் பயனைப் பெரிதும் இழந்தவராவர்.

கல்லான தாய்

செருக்கைப் பற்றிய கிரேக்கக் கதைகளுள் மிகப் பழமையானவற்றில் ஒன்று நியோபியின் கதை. இவள் டாண்டலஸ் என்பவனின் மகள்; தீப்ஸ் நகர மன்னன் ஆம்பியனின் மனைவி. மக்கட்செல்வம் மிக்கவள். ஹோமர் கூறும் கணக்கின்படி அவளுக்கு ஆண்மக்கள் 6 பேர், பெண்மக்கள் 6 பேர். பிற்காலப் புலவர் சிலர் இத்தொகையை 14 ஆக்கினர். லீட்டோ என்னும் தெய்வமகளுக்கோ அப்போலோ, ஆர்ட்டெமிஸ் என்னும் இருவரே மக்கள். ‘அவள் பெற்றது இரண்டு, நான் பெற்றதோ பல’ என்று நியோபி தருக்கினாள். அவ்விருவரும் வில்லேந்தி வந்து, அப்பன்னிரு மக்களையும் அம்புக்கு இரையாக்கினர்.

சாஃபோ என்னும் பெண்பாற் புலவர் பாடியவற்றுள் எஞ்சிய ஒரு சிறு துணுக்கு, லீட்டோவும் நியோபியும் முன்னர் நெருங்கிய தோழியர் என்று தெரிவிக்கிறது. இச்செய்தி கதையின் பொருளை ஆழமாக்குகிறது. முன்பின் அறியாதவரோடு எவரும் தம் மக்களை ஒப்பிட்டுப் பெருமை பேசுவதில்லை. உடன்பிறந்தார், தோழியர், அண்டை வீட்டார் ஆகியோரோடுதான் ஒப்பீடு தொடங்குகிறது. மக்களால் மகிழ்வது குற்றமன்று. அம்மகிழ்ச்சியைப் பிறர் குறைவின்மேல் நிறுத்துவதே குற்றம்.

இக்கதையை ஹோமர் எங்கே வைத்தார் என்பதும் எண்ணத்தக்கது. ‘இலியட்’ காப்பியத்தின் இறுதிப் பகுதியில், தன் மகன் ஹெக்டரைக் கொன்ற அக்கிலீசின் பாசறைக்கே முதிய மன்னன் பிரியாம் வந்து, மகனின் உடலைக் கேட்டு நிற்கிறான். உண்ணாது வாடிய அம்முதியவனை உணவு கொள்ளச் செய்வதற்காக அக்கிலீஸ் இக்கதையைச் சொல்கிறான். பன்னிரு மக்களை இழந்த நியோபியும் அழுது ஓய்ந்தபின் உணவை நினைத்தாள் என்பது அவன் கூற்று. ஆகவே, ஹோமரிடத்தில் இது செருக்குற்றவளைப் பழிக்கும் கதையாக மட்டும் நிற்கவில்லை. துயருற்ற பகைவனுக்கு ஆறுதல் கூறும் கதையாகவும் அமைகிறது.

கலைஞரும் இவ்விரு நோக்கையும் கைக்கொண்டனர். கி.மு. 460-450 அளவில் ஏதென்ஸ் நகரில் தீட்டப்பெற்ற மதுக்கலவைச் சாடி ஒன்று இத்தாலியின் ஓர்வியட்டோவில் கிடைத்து, இன்று பாரிஸ் நகர லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் அப்போலோ வில்லை வளைத்து நிற்கிறான். ஆர்ட்டெமிஸ் தூணியிலிருந்து அம்பை எடுக்கிறாள். மேடுபள்ளமான நிலத்தில் பிள்ளைகள் வீழ்ந்து கிடக்கின்றனர். இங்கே நாம் காண்பது தண்டனை. ஆனால், 1583ஆம் ஆண்டில் ரோம் நகரில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது ஃபிளாரன்ஸ் நகரின் உஃபீஸி கலைக்கூடத்தில் இருக்கும் சிற்பத் தொகுதியோ வேறு வகையானது. கிரேக்க மூலத்தைப் பார்த்து ரோமர் செய்த படிகள் அவை. அவற்றுள், கடைசி மகளைத் தன் மடியோடு சேர்த்து, மேலாடையை உயர்த்தி மறைத்துக்கொண்டு, வானத்தை நோக்கி நிற்கிறாள் நியோபி. அவள் முகத்தில் தருக்கு இல்லை. தாய்மை ஒன்றே உண்டு. அதனைக் காண்பவர் எவரும் ‘இவளுக்கு இது வேண்டும்’ என்று கூறத் துணியார்.

கண்ணீர் ஓயாத நியோபி சிபிலஸ் மலையில் கல்லானாள் என்பது கதைமுடிவு. அம்மலை இன்றைய துருக்கியில் மனிசா நகரை ஒட்டியுள்ளது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டைச் சுற்றிப் பார்த்து எழுதிய பௌசானியஸ், தாமே அங்குச் சென்று கண்டதைக் குறித்துள்ளார். அருகில் சென்றால் அது வெறும் பாறை; விலகி நின்று நோக்கினால் தலை கவிழ்ந்து அழும் பெண் போலத் தோன்றும் என்கிறார் அவர். பிறர் துயரமும் இத்தன்மைத்தே. தக்க இடத்தில் நின்று பார்ப்பவர்க்கே அது புலனாகும்.

குழலிசைஞனும் கொடிய தண்டனையும்

நாகசுரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதும் இரட்டைக் குழல் ஒன்றைக் கிரேக்கர் ‘ஔலோஸ்’ என்று அழைத்தனர். அதனை முதலில் உருவாக்கியவள் அதீனா. ஊதும்போது தன் கன்னங்கள் உப்பி முகம் கோணுவதைக் கண்டு அவள் அதனை எறிந்துவிட்டாள். காட்டில் திரிந்த மார்சியாஸ் அதனை எடுத்துப் பயின்று, தேர்ந்த இசைஞனானான். அவ்வளவில் நின்றிருந்தால் அவன் புகழ் நிலைத்திருக்கும். யாழிசைக்குத் தெய்வமான அப்போலோவையே போட்டிக்கு அழைத்தான். தோற்றவனை வென்றவன் விரும்பியவாறு செய்யலாம் என்பது ஒப்பந்தம். தோற்ற மார்சியாஸை மரத்தில் கட்டி உயிரோடு தோலுரித்தான் அப்போலோ.

கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாழ்ந்த மைரான் என்னும் சிற்பி, அதீனா குழலை எறிய, மார்சியாஸ் அதனைக் கண்டு வியந்து பின்வாங்கும் கணத்தை வெண்கலத்தில் வடித்தார். எடுப்பதா விடுப்பதா என்று அவன் தயங்கும் நிலையே அங்குக் காட்டப்பட்டது. தீமை இன்னும் நிகழவில்லை. திரும்பிச் செல்ல வழி உண்டு. மைரானின் மூலச் சிற்பம் அழிந்தது. ஆயினும் ரோமர் செய்த பளிங்குப் படிகளால் அதன் அமைப்பை அறிகிறோம். மாண்டினீயாவில் கிடைத்த பளிங்குப் பலகை ஒன்றிலோ, மார்சியாஸ் முழுமூச்சோடு குழலூதுகிறான். அப்போலோ அமைதியாக அமர்ந்திருக்கிறான். இருவர்க்கும் நடுவே ஒருவன் கையில் கத்தியோடு காத்து நிற்கிறான். ஏதென்ஸ் தேசிய தொல்லியல் அருங்காட்சியகத்தில் இதனை இன்றும் காணலாம்.

எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமையை வாழ்நெறியாகக் கொண்ட நம் இல்லங்களில் இக்கதையைக் கேட்கும் பிள்ளைகள் உடனே ஒரு கேள்வி கேட்பர். ‘வென்றவன் ஏன் இவ்வளவு கொடுமை செய்தான்? அதுவும் செருக்கு அன்றோ?’ இது நியாயமான கேள்வி. பழங்காலத்தாரும் இதனை உணராமல் இல்லை. ரோமப் புலவர் ஒவிட், மார்சியாஸின் துயருக்காகக் காட்டு மாந்தரும் ஆயரும் சொரிந்த கண்ணீரே ஓர் ஆறாயிற்று என்று பாடினார். நெசவில் அதீனாவை எதிர்த்த அரக்னியின் கதையிலும், அப்பெண் நெய்த துணியில் அழுக்காறு உடையோரும் குறை காண இயலவில்லை என்றே கூறுகிறார். அவளைச் சிலந்தியாக்கியது தோல்வியன்று; தேவியின் சினம். ஆகவே, இக்கதைகளில் வரும் தெய்வங்களை ஒழுக்கத்திற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளுதல் பொருந்தாது. செருக்கு எத்துணைப் பெரிய அழிவைத் தேடிக்கொள்ளும் என்பதற்குச் சான்றாக மட்டுமே கொள்ள வேண்டும்.

மானம் என்னும் ஒரு சொல், இரு பொருள்

டிராய்ப் போரில் அக்கிலீசுக்கு அடுத்த பெருவீரன் அஜாக்ஸ். அக்கிலீஸ் இறந்தபின் அவனுடைய படைக்கலங்கள் தனக்கே உரியன என்று எண்ணியிருந்தான். அவை ஒடிசியஸுக்கு அளிக்கப்பட்டன. வெகுண்ட அஜாக்ஸ், இரவில் வாளேந்திப் படைத்தலைவர்களைக் கொல்லப் புறப்பட்டான். அதீனா அவன் அறிவை மயக்கினாள். அவன் வெட்டி வீழ்த்தியவை ஆடுகளும் மாடுகளுமே. தெளிந்தபின் தன் இழிநிலையைக் கண்டு, வாளை மண்ணில் நட்டு அதன்மேல் வீழ்ந்து மாண்டான்.

இக்கதையை நாடகமாக்கிய சோபோக்ளிஸ், இதன் வேரைத் தேடிப் பின்னோக்கிச் செல்கிறார். மகனைப் போருக்கு அனுப்பிய தந்தை, வெற்றியை நாடு, ஆனால் தெய்வத் துணையோடு நாடு என்று அறிவுறுத்தினான். தெய்வத் துணையிருந்தால் அற்பனும் வெல்வான். நான் அது இல்லாமலே வெல்வேன் என்று மகன் மறுமொழி கூறினான். களத்தில் ஊக்கமூட்ட வந்த அதீனாவையும், மற்றவர் பக்கம் போய் நில், நான் நிற்கும் இடத்தில் பகைவர் நுழையார் என்று அனுப்பிவிட்டான்.

நம் மரபில் வெகுளி, மானம், மாயம், உலோபம் என நான்கு கஷாயங்கள் எண்ணப்படுகின்றன. அங்கே மானம் என்பது செருக்கு. தமிழ் இலக்கியத்திலோ மானம் என்பது உயிரினும் மேலாகப் போற்றப்படும் பண்பு. இவ்விரு பொருளும் எவ்வாறு ஒரு சொல்லில் அடங்கின என்று மாணவர் கேட்பதுண்டு. அஜாக்ஸின் வாழ்வு இதற்கு விளக்கம் போல் அமைந்துள்ளது. அவனை வீழ்த்தியதும் மானம். வீழ்ந்தபின் உயிரோடு இருக்க ஒட்டாததும் மானம். தன் மதிப்பைத் தானே காத்தல் ஒன்று. அம்மதிப்பை உலகம் தனக்குக் கடன்பட்டிருக்கிறது என்று எண்ணுதல் மற்றொன்று. இரண்டும் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருப்பவை.

எக்சீகியாஸ் என்னும் ஓவியர் கி.மு. 530 அளவில் ஒரு சாடியின்மேல் தீட்டிய காட்சி, இன்று ஃபிரான்ஸ் நாட்டின் பூலோன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. பிற ஓவியர் வாளின்மேல் வீழ்ந்த உடலையே வரைந்தனர். இவரோ அதற்கு முந்திய கணத்தைத் தெரிந்துகொண்டார். அஜாக்ஸ் குனிந்து, மண்ணைக் கையால் அணைத்து, வாளை நேராக நிறுத்துகிறான். நெற்றியில் சுருக்கம். ஒரு பக்கம் ஈச்சமரம். மறுபக்கம் அவன் கழற்றி வைத்த கேடயமும் தலைக்கவசமும். அருகில் ஒருவரும் இல்லை. தெய்வத் துணையும் வேண்டாம் என்றவனின் தனிமை அது.

சோபோக்ளிஸின் நாடகத்தில் மனம் கொள்ளத்தக்கது இன்னொரு காட்சி. அறிவு மயங்கிய அஜாக்ஸைக் காட்டி, பகைவனைக் கண்டு நகைப்பதினும் இனியது உண்டோ என்கிறாள் அதீனா. ஒடிசியஸ் நகைக்க மறுக்கிறான். அவனிடத்தில் தன்னையே காண்பதாகவும், மாந்தர் யாவரும் நிழல் போன்றவரே என்றும் கூறுகிறான். பின்னர், அவ்வுடலை அடக்கம் செய்யவிடாது தடுத்த தலைவர்களோடு வாதாடி, தன் பகைவனுக்கு உரிய சிறப்பைப் பெற்றுத் தருபவனும் அவனே. செருக்குக்கு எதிரான பண்பு தன்னைத் தாழ்த்திப் பேசுவது மட்டுமன்று. வீழ்ந்தவனைக் கண்டு நகையாமையும் ஆகும்.

மன்னர் இருவர்

கதையிலிருந்து வரலாற்றுக்கு வருவோம். இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த லிடியா நாட்டின் அரசன் கிரீசஸ் பெருஞ்செல்வன். ஏதென்ஸ் நகரின் அறிஞர் சோலோன் அவனைக் காண வந்ததாக வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கூறுகிறார். கருவூலத்தைக் காட்டியபின், உலகில் மிக இன்புற்றவன் யார் என்று வினவினான் கிரீசஸ். தன் பெயரை எதிர்பார்த்தவனுக்கு, நாட்டுக்காகப் போரிட்டு மாண்ட டெல்லஸ் என்னும் எளிய குடிமகனின் பெயரைச் சொன்னார் சோலோன். ஒருவன் வாழ்வின் முடிவைக் காணுமுன் அவனை இன்புற்றவன் என்று சொல்லுதல் ஆகாது என்றும் விளக்கினார். கிரீசஸ் அவரை அறிவிலி என்று எண்ணி அனுப்பிவிட்டான்.

பின்னர் அவன் மகன் வேட்டையில் தவறுதலாக எறியப்பட்ட வேலால் மாண்டான். பாரசீகத்தின் மேல் படையெடுக்கலாமா என்று டெல்ஃபியில் கேட்டபோது, சென்றால் ஒரு பேரரசு அழியும் என்று விடை வந்தது. எந்தப் பேரரசு என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. கி.மு. 546 அளவில் அவனுடைய தலைநகர் சார்டிஸ் சைரஸின் கையில் வீழ்ந்தது. சிதையின்மேல் ஏற்றப்பட்ட கிரீசஸ், சோலோனின் பெயரை மும்முறை கூவினான். காரணம் கேட்டறிந்த சைரஸ், தானும் மனிதன். தன்னைப்போல் வாழ்ந்த மற்றொரு மனிதனை எரிக்கின்றோம் என்று உணர்ந்து, தீயை அணைக்க ஆணையிட்டான். மைசான் என்னும் ஓவியர் இதற்குச் சில பத்தாண்டுகளுக்குப் பின் தீட்டிய சாடி லூவரில் உள்ளது. அதில் கிரீசஸ் சிதையின்மேல் அரியணையில் அமர்ந்து, அமைதியாக நீர்க்கடன் போலத் தெய்வத்திற்கு மது வார்க்கிறான். பகையரசனாயினும் அவனைக் கிரேக்க ஓவியர் இழிவாகக் காட்டவில்லை.

மற்றொருவன் பாரசீகப் பேரரசன் செர்க்சஸ். ஆசியாவையும் ஐரோப்பாவையும் பிரிக்கும் ஹெலஸ்பாண்ட் நீரிணையின் குறுக்கே அவன் அமைத்த பாலங்கள் புயலில் சிதைந்தன. கடலுக்கு 300 சவுக்கடி கொடுக்கவும், அதனுள் விலங்கு ஒன்றை எறியவும் கட்டளையிட்டான் என்கிறார் ஹெரோடோட்டஸ். அவன் படை செலினீ என்னும் ஊரைக் கடந்ததைக் கூறுமிடத்தில், மார்சியாஸின் தோல் அவ்வூரில்தான் தொங்கவிடப்பட்டிருந்தது என்று குறிப்பிடுகிறார். செருக்கின் பயனைக் காட்டும் சின்னம் வழியிலேயே இருந்தது. அதனைக் கடந்தே அப்பெரும்படை சென்றது.

கி.மு. 480இல் செர்க்சஸ் ஏதென்ஸ் நகரை எரித்தான். அதே ஆண்டில் சலாமிஸ் கடற்போரில் தோற்று நாடு திரும்பினான். எட்டு ஆண்டுகள் கழித்து, கி.மு. 472இல், ஏதென்ஸ் நாடக அரங்கில் எஸ்கிலஸ் ‘பாரசீகர்’ என்னும் நாடகத்தை அரங்கேற்றினார். அவர் மராத்தான் போர்க்களத்தில் நின்றவர். உடன்பிறந்தவனை அக்களத்தில் இழந்தவர். பார்வையாளரோ வீடிழந்தோர். வெற்றிக் களிப்பை எதிர்பார்த்திருக்கக்கூடிய அவர்கள்முன், எஸ்கிலஸ் பகைவரின் அரண்மனையைக் காட்டினார். மகனுக்காகக் கலங்கும் தாய், மாண்ட வீரர்களின் பெயர்களைச் சொல்லி அழும் முதியோர், கிழிந்த ஆடையோடு திரும்பும் அரசன் என அனைவரும் இரக்கத்திற்கு உரியோராகவே வருகின்றனர். கல்லறையினின்று எழும் முன்னாள் அரசன் டேரியஸின் ஆவி, செருக்கே இவ்வழிவை விளைத்தது என்று அறிவுறுத்துகிறது. இஃது ஏதென்ஸ் மக்களுக்கும் விடுத்த எச்சரிக்கை என்பதில் ஐயமில்லை.

அந்நாடகத்திற்கு வேண்டிய பொருட்செலவை ஏற்றவர் ஓர் இளைஞர். அவர் பெயர் பெரிக்ளிஸ்.

வெற்றித்தூணுக்கு வந்த கல்

மராத்தானுக்கு வடக்கே கடலோரத்தில் ராம்னஸ் என்னும் ஊர் உள்ளது. செருக்குற்றோர்க்குத் தக்க பயனை அளிக்கும் நெமெசிஸ் என்னும் தேவிக்கு அங்கே கோயில் இருந்தது. அத்திருவுருவைப் பற்றிப் பௌசானியஸ் ஒரு செய்தி தருகிறார். மராத்தானில் வெற்றி உறுதி என்று நம்பிய பாரசீகர், வெற்றிச்சின்னம் எழுப்புவதற்காகப் பரோஸ் தீவின் பளிங்குக்கல் ஒன்றைத் தம்மோடு கொணர்ந்தனராம். அவர்கள் தோற்றபின், அதே கல்லில் நெமெசிஸின் உருவம் செதுக்கப்பட்டதாம். ஃபீடியஸின் மாணவர் அகோராகிரிட்டஸ் அதனைச் செய்தார் என்பது ஒரு மரபு. அவ்வுருவம் பிற்காலத்தில் உடைபட்டது. தலையின் ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. கல்லைப் பற்றிய கதை உண்மையோ புனைவோ, அதனைச் சொன்னவர் நோக்கம் தெளிவு. போருக்கு முன்னரே வெற்றித்தூணுக்குக் கல் சுமப்பவன், தன் தோல்விக்கு நினைவுச்சின்னம் சுமக்கிறான்.

கற்பித்தவர் கற்றனரா?

பாரசீகரை எதிர்ப்பதற்காகக் கிரேக்க நகரங்கள் பல ஏதென்ஸின் தலைமையில் கூட்டணி அமைத்து, டீலோஸ் தீவில் பொதுநிதி திரட்டின. கி.மு. 454இல் அந்நிதி ஏதென்ஸ் நகருக்கு மாற்றப்பட்டது. நட்பு நாடுகள் மெல்ல மெல்லத் திறை செலுத்தும் நாடுகளாயின. கி.மு. 447இல், பெரிக்ளிஸ் தலைமையில் பார்த்தினான் கோயிற்பணி தொடங்கியது. பிறர் தந்த பணத்தால் ஊரை ஒப்பனை செய்கிறோம் என்று ஏதென்ஸ் நகரத்தாரே சிலர் கண்டித்ததைப் புளூட்டார்க் பதிவு செய்துள்ளார்.

அக்கோயிலின் வெளிப்புறத்தில் 92 சிற்பப் பலகைகள் இருந்தன. கிழக்கே, தெய்வங்களை எதிர்த்து வீழ்ந்த அரக்கர். தெற்கே, திருமண விருந்தில் மதுவெறியால் மணமகளைக் கவர முயன்ற குதிரையுடல் மாந்தர். மேற்கே அமேசான் மகளிரோடு போர். வடக்கே டிராயின் வீழ்ச்சி. அளவு கடந்தவர் அழிவர் என்பதே நாற்றிசையிலும் செதுக்கிய செய்தி. அதே கோயிலின் பெருஞ்சிற்பி ஃபீடியஸ், அதீனாவின் கேடயத்தில் தம் உருவத்தையும் பெரிக்ளிஸின் உருவத்தையும் செதுக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டார் என்பதும் புளூட்டார்க் தரும் செய்தியே. செருக்கின் வீழ்ச்சியைச் சொல்லும் கட்டடமே ஒரு நகரின் செருக்குக்குச் சான்றாகவும் நின்றது.

பின்னர் ஸ்பார்ட்டாவோடு நெடும்போர் மூண்டது. கி.மு. 416இல், எப்பக்கமும் சேராது ஒதுங்கியிருக்க விரும்பிய மீலோஸ் என்னும் சிறு தீவை ஏதென்ஸ் முற்றுகையிட்டது. வலியோர் தம்மால் இயன்றதைச் செய்வர், எளியோர் அதற்கு உட்படுவர் என்னும் கருத்துப்பட ஏதென்ஸ் தூதர் பேசியதாகத் துசிடிடீஸ் எழுதுகிறார். நகர் வீழ்ந்ததும் ஆடவரைக் கொன்றனர்; மகளிரையும் சிறுவரையும் அடிமைகளாக விற்றனர். அடுத்த ஆண்டே சிசிலித் தீவை வெல்லப் பெருங்கடற்படை புறப்பட்டது. கி.மு. 413இல் அப்படை முற்றிலும் அழிந்தது. சிறைப்பட்டோர் 7000 பேருக்குக் குறையாமல் சிரக்யூஸ் நகரக் கல்குவாரிகளில் அடைக்கப்பட்டுப் பசியாலும் வெயிலாலும் மடிந்தனர்.

கி.மு. 405இல் எஞ்சிய கடற்படையும் அழிந்த செய்தி இரவில் துறைமுகத்தை எட்டியது. அழுகுரல் துறைமுகத்தில் எழுந்து, நெடுஞ்சுவர் வழியே ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் வாய்க்குப் பரவி, நகருக்குள் சென்றது என்கிறார் செனஃபன். அன்றிரவு ஒருவரும் உறங்கவில்லை. மாண்டவர்க்காக மட்டும் அவர்கள் அழவில்லை. மீலோஸ் மக்களுக்கும் பிறருக்கும் தாம் செய்ததைத் தமக்கும் பிறர் செய்வர் என்று அஞ்சி அழுதனர். எஸ்கிலஸின் நாடகத்தில் பாரசீக முதியோர் எழுப்பிய ஓலத்தை, ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின் அதே நகரின் மக்கள் தம் வீடுகளில் எழுப்பினர்.

மறு ஆண்டு ஏதென்ஸ் பணிந்தது. அந்நகரை அடியோடு அழிக்க வேண்டும் என்று கொரிந்தியரும் தீப்ஸ் நகரத்தாரும் வற்புறுத்தினர். ஸ்பார்ட்டா உடன்படவில்லை. பாரசீகப் படையெடுப்பின்போது கிரேக்கத்திற்குப் பெருந்தொண்டு செய்த நகரை அடிமைப்படுத்த மாட்டோம் என்றனர் அவர்கள். மதிற்சுவர்கள் குழலிசை முழங்க இடிக்கப்பட்டன. ஆயினும் மக்கள் பிழைத்தனர். மீலோஸில் ஏதென்ஸ் காட்டாத இரக்கத்தை ஏதென்ஸ் பகைவரிடமிருந்து பெற்றது.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவன சில. செருக்கு, குறையுடையாரிடத்தில் தோன்றுவதைவிட நிறையுடையாரிடத்தில் எளிதில் தோன்றும். நியோபியின் மக்கட்பேறு உண்மை. மார்சியாஸின் இசைத்திறன் உண்மை. அஜாக்ஸின் வீரம் உண்மை. ஏதென்ஸின் கலையும் கல்வியும் இன்றளவும் உலகம் வியக்கும் உண்மை. இல்லாததை உண்டென்று பேசியதால் இவர்கள் கெடவில்லை. உள்ளதைக் கொண்டு பிறரை அளந்ததால் கெட்டனர்.

மேலும், செருக்கைக் கண்டிக்கும் நூல்களைக் கற்பதும் கற்பிப்பதும் செருக்கிலிருந்து காக்கும் காப்பு ஆகா. ‘பாரசீகர்’ நாடகத்தைக் கண்டு கண்ணீர் சிந்திய அரங்கிலிருந்தே மீலோஸை அழிக்க வாக்களித்த தலைமுறை எழுந்தது. அறநூல்களை வகுப்பில் நடத்திய நானே ஒரு சிறுவனைக் கடைசி வரிசைக்கு அனுப்பினேன். விழாக்களில் கூடுகிறோம், நம் பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் பதவியையும் மகிழ்ந்து பேசுகிறோம். அம்மகிழ்ச்சி தக்கதே. அவ்வேளையில், மதிப்பெண் குறைந்த பிள்ளையின் தாயும் அதே பந்தியில் அமர்ந்து உண்கிறாள் என்பதை நினைவிற் கொள்வோமாக.

பகைவனைக் கண்டு நகைக்க மறுத்த ஒடிசியஸும், சிதைத்தீயை அணைக்கச் சொன்ன சைரஸும் உணர்ந்தது ஒன்றே: இவனும் என் போன்றவன். டெல்ஃபியில் பொறித்த அச்சிறு தொடரின் பொருளும் அதுவே எனலாம்.